டன்வாலா, கார்னாகாவா: ஒன்றுதான் வாங்கலாம் என்றால்

"மாமா, சேல் நாளைக்கு ராத்திரியோட முடியுது. ரெண்டும் வாங்க அம்மா காசு தர மாட்டாங்க. எதுன்னு சொல்லுங்க."

பெங்களூரில் லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஃப்ரேசர் டவுனுக்கு வந்து, மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே அக்கா மகன் கேட்ட கேள்வி. அவன் சொன்ன இரண்டும் பதுங்கி ஆடும் வீடியோ கேம்கள்: டிஸ்ஆனர்டு, டிஸ்ஆனர்டு 2. முதலாவது 2012 அக்டோபரிலும் இரண்டாவது 2016 நவம்பரிலும் வந்தன. இரண்டும் ஆர்க்கேன் ஸ்டூடியோஸ் செய்தவை, பெதஸ்டா வெளியிட்டவை. இரண்டையும் பல தடவை முடித்தவன் நான். இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, அவனுடைய அத்தை போட்ட காபி ஆறிப் போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பேசியதையும், அவனை அனுப்பிவிட்டு யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் அவன் எப்படி விளையாடுவான் என்று சொல்லிவிட வேண்டும், பதில் அதைப் பொறுத்தது. ஒரு காவலாள் இவனைப் பார்த்துவிட்டால் போதும், முன்பு சேமித்து வைத்த இடத்தை லோட் செய்து அங்கிருந்து மறுபடி ஆடுவான். யாரையும் கொல்லவும் மாட்டான். பின்னால் போய் கழுத்தை இறுக்கி மயக்கி, உடலைத் தூக்கி ஒரு மூலையில் கிடத்திவிட்டு அடுத்த அறைக்குப் போவான். வந்தது தெரியாமல் வந்து, போனது தெரியாமல் போக வேண்டும். நானும் அதே ஜாதி. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே போகிறவர்களுக்கும் இந்த இரண்டு கேமிலும் இடம் இருக்கிறது, அவர்களுக்கு வேறு கணக்கு.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கேமில் நீங்கள் கோர்வோ, மகாராணியின் மெய்க்காப்பாளன். ராணியை உங்கள் கண்முன் கொன்று, பழியை உங்கள் மேலேயே போட்டு, அவள் மகள் எமிலியைக் கடத்திவிடுகிறார்கள். சிறையிலிருந்து தப்பி, சதிகாரர்களை ஒவ்வொருவராக வீழ்த்த வேண்டும். இரண்டாவது கேம் பதினைந்து வருஷம் கழித்து நடக்கிறது. எமிலி இப்போது மகாராணி. டெலைலா என்ற சூனியக்காரி வந்து அரியணையைப் பறிக்கிறாள். நீங்கள் எமிலியாகவும் ஆடலாம், வயதான கோர்வோவாகவும் ஆடலாம். இரண்டிலும் ஒன்பது ஒன்பது மிஷன், அதாவது கதைக் கட்டங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் கேமில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. கோர்வோவின் கையில் கத்தி, கைத்துப்பாக்கி, கையெறி குண்டு, தொட்டால் வெடித்துச் சிதறும் கம்பிப் பொறி, தீ அம்பு. மந்திர சக்திகளில் எலிப்படையை ஏவுவதும் உண்டு, ஆளையே தூக்கிச் சுவரில் அடிக்கும் காற்றும் உண்டு. அத்தனையும் கொல்வதற்கு. கொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்தவனுக்கு மிஞ்சுவது இரண்டே வழி: பின்னால் போய் கழுத்தை இறுக்கு, இல்லையென்றால் மயக்க அம்பு விடு. ஒன்பது மிஷனுக்கும் இவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் இலை நிறையப் பரிமாறியிருக்க, விரதக்காரன் வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்த மாதிரி இருக்கும். அதே கேம்தான் கொல்லாதே என்றும் சொல்கிறது. உயிரை விட்டுவைத்தால் நல்ல முடிவு, வெட்டிக்கொண்டே போனால் கெட்ட முடிவு. நல்லவனாக இருப்பவனுக்குக் கருவிகளைக் குறைத்துக் கொடுத்ததை வடிவமைப்பில் உள்ள தவறு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது கேம் இந்தத் தவறைத் திருத்தியிருக்கிறது. உயரத்திலிருந்து காவலாள் மேல் குதித்தால், முன்பு அவன் செத்தான். இப்போது மயங்க மட்டும் வைக்கலாம். ஓடிவந்து தரையில் சறுக்கிக் காலை வாரி மயக்கலாம். நேருக்கு நேர் கத்திச் சண்டையில் அடியைத் தடுத்துவிட்டு, தடுமாறுகிறவனை அப்படியே பிடித்து இறுக்கலாம். மயக்கும் கண்ணி வெடிகூட இருக்கிறது. பார்த்துவிட்டார்கள் என்றாலே லோட் பண்ண வேண்டிய அவசியம் போய்விட்டது. சொதப்பிய இடத்திலிருந்து ரத்தம் சிந்தாமல் தப்பிக்க வழி இருக்கிறது. இதை அவனிடம் சொன்னபோதுதான் அவன் முகம் மலர்ந்தது.

எமிலியின் டொமினோ சக்தியை நான் சொல்லாமல் விட முடியாது. ஆட்களை ஒருவரோடு ஒருவர் முடிச்சுப் போடும் வித்தை இது. முதலில் இரண்டு பேர், சக்தியைக் கூட்டிக்கொண்டே போனால் நான்கு பேர் வரை. ஒருவனுக்கு என்ன ஆகிறதோ அது மற்றவர்களுக்கும் ஆகும். ஒரு சோதனைச் சாவடியில் எனக்கு நடந்தது: விளக்கடியில் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவன் மேலே பால்கனியில், இன்னொருவன் தெருமுனையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். கூரையில் குந்தியபடி நால்வரையும் முடிச்சுப் போட்டேன். தெருமுனைக்காரன் முதுகில் ஒரே ஒரு மயக்க அம்பு. நால்வரும் ஒரே நொடியில், நான்கு வெவ்வேறு இடத்தில், மெதுவாகச் சரிந்து விழுந்தார்கள். பால்கனிக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டே சரிந்தான். தெருவில் ஒரு சத்தமில்லை. முதல் கேமில் இதே வேலைக்கு நான்கு அம்பும் பத்து நிமிஷமும் ஆகியிருக்கும்.

நகர்வதிலும் வித்தியாசம் உண்டு. கோர்வோவின் பிளிங்க் என்பது இங்கே மறைந்து அங்கே தோன்றுவது. எமிலியின் ஃபார் ரீச் அப்படி இல்லை. நிழலான ஒரு கரம் நீண்டு தூரத்தில் இருப்பதைப் பற்றி அவளை இழுத்துக்கொண்டு போகும். நடுவில் காற்றில் பறக்கும்போது மேலே நிமிர்ந்து பார்க்கிறவன் கண்ணில் பட்டுவிடுவாள். அதனால் எமிலியோடு ஆடுவது சற்றுக் கடினம், அதனாலேயே ருசி கூடுதல். சக்தியை வளர்த்துக்கொண்டால் அதே கரத்தால் பொருளையும் ஆளையும் தன் பக்கம் இழுக்கலாம். முதல் கேமில் பிளிங்க் ஒன்று மட்டும் இருந்தாலே கூரைக்குக் கூரை தாவி மிஷனில் பாதியைத் தாண்டிவிடலாம், ஏனென்றால் அங்கே காவலாட்கள் தலையை நிமிர்த்துவது அபூர்வம். சுவரோரம் நின்று தலையை மட்டும் சாய்த்து எட்டிப் பார்த்தால், மூக்குக்கு நேரே நிற்கிறவனுக்குக்கூட நீங்கள் தெரிய மாட்டீர்கள். எனக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு அது சலுகை.

சக்தியே வேண்டாம், வெறும் கைதான் என்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. முதலாவதில் பிளிங்க்கை வேண்டாம் என்று சொல்ல முடியாது, கையில் திணித்துவிடுவார்கள். இரண்டாவதில் அவுட்சைடர் என்கிற அந்தக் கருங்கண் தெய்வம் சக்தி தர வரும்போதே மறுத்துவிடலாம். அதன் பிறகு முழுக் கேமும் உங்கள் காலையும் காதையும் நம்பித்தான்.

இவ்வளவு கேட்டதும் மருமகன், "அப்போ ரெண்டாவதுதானே மாமா, முடிஞ்சுபோச்சே" என்று போனை எடுத்துவிட்டான். கொஞ்சம் பொறு என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். ஊரைப் பற்றி இன்னும் பேசவில்லை.

முதல் கேமின் ஊர் டன்வால். சாம்பல் நிற வானம், திமிங்கல எண்ணெயில் எரியும் விளக்கு, உயரமான இயந்திரக் கால் கட்டி நடக்கிற காவலர்கள், எங்கும் எலி. பிளேக் வந்த ஊர் அது. நோய் முற்றியவர்கள் கண்ணில் ரத்தம் வழிய இருட்டு வீடுகளில் தள்ளாடித் திரிவார்கள். ஆரம்பத்தில் 1666-ஆம் வருஷத்து லண்டனை வைத்துச் செய்ய நினைத்து, பிறகு சொந்தமாக ஒரு ஊரையே படைத்தார்கள். அதன் தோற்றத்துக்குப் பொறுப்பேற்றவர் விக்டர் அன்டனோவ். ஹாஃப் லைஃப் 2 கேமில் வரும் சிட்டி 17 என்ற ஊரை வடிவமைத்த அதே கலைஞர். 2025-ல் காலமானார். ஒரு சுவரைப் பார்த்தாலே அந்த ஊரில் யார் ஆள்கிறார்கள், யார் சாகிறார்கள் என்று தெரியவைத்த மனிதர்.

நான் இருக்கும் இந்தப் பகுதியே பிளேக்கினால் பிறந்தது என்பதால் டன்வால் எனக்கு வேறு மாதிரி உறைக்கிறது. 1898-ல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. பேட்டைகளின் நெரிசலில் ஜனங்கள் செத்துப் போனார்கள், ஊரை விட்டு ஓடினார்கள். பசவனகுடி, மல்லேஸ்வரம் போன்ற விரிவாக்கங்களுக்கு வேகம் கொடுத்தது அந்த நோய்தான். கன்டோன்மென்ட் பக்கத்தில் நெரிசலைக் குறைக்க அதற்குப் பின்னால் எழுந்தது ஃப்ரேசர் டவுன். பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றைக்கும் ஊரில் கோயில்கள் உண்டு, கூழ் ஊற்றுகிறவர்களும் உண்டு. டன்வாலில் கதவில் குறியிட்டு அடைத்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம், இந்தத் தெரு வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்திருக்கும் என்று நினைப்பு ஓடும்.

அந்த எலிகள் வெறும் அலங்காரமும் இல்லை. நீங்கள் எத்தனை பேரைக் கொல்கிறீர்களோ அத்தனைக்கு ஊர் கெடும். பிணம் கூடினால் எலி கூடும், எலி கூடினால் நோயாளி கூடும். மீட்டுக் கொண்டுவந்த சின்னப் பெண் எமிலி வரைகிற படங்கள்கூட மாறும். கொலை மிகுந்தால் அவள் கிறுக்கல்களில் இருட்டு ஏறும். ஒவ்வொரு மிஷனுக்கும் உங்களைப் படகில் கொண்டுபோய்விடும் சாமுவேல் என்ற பெரியவர், நீங்கள் ரத்த வெறியோடு போனால் கடைசியில் முகத்துக்கு நேரே வெறுப்பைச் சொல்லிவிட்டு, வானத்தில் துப்பாக்கியைச் சுட்டு எதிரிகளை உஷார் செய்துவிட்டுப் போவார். முதல் தடவை நான் அவசரத்தில் நிறைய வெட்டியிருந்தேன். அந்த வேட்டுச் சத்தம் கேட்டபோது அடிவயிறு கலங்கியது. எந்த மதிப்பெண் பலகையும் எனக்கு அதைச் செய்ததில்லை.

இரண்டாவதின் ஊர் கார்னாகா. தெற்கத்திய வெயில், கடற்கரை, காற்றாலை. வெள்ளிச் சுரங்கத்துத் தூசி புயலாக அடிக்கும் ஒரு பகுதி முழுக்க இருக்கிறது. எலிக்குப் பதில் ரத்த ஈக்கள், பிணத்தில் கூடு கட்டும். கண்ணுக்கு அழகு டன்வாலை விட அதிகம், தெருக்கள் பெரிது, கள்ளச் சந்தைக் கடையையே பின்வழியாகப் புகுந்து திருடும் அளவுக்கு ஒவ்வொரு மூலையிலும் வேலை இருக்கிறது. கொலைக்கு ஊர் பதில் சொல்வது இங்கும் உண்டு. ஆனால் கார்னாகா எனக்கு ஊட்டிக்குப் போய்வந்த நினைவு மாதிரி, டன்வால் வாழ்ந்த தெரு மாதிரி.

கொலைக்கு ஊர் பதில் சொல்வதில் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டாவது முதலாவதைத் தொட்டு மேலே போகிறது. இரண்டிலும் உங்கள் கையில் ஒரு இதயம் இருக்கும். துடிக்கிற, இயந்திரம் பொருத்திய மனித இதயம். யார் பக்கம் நீட்டினாலும் அவர்களைப் பற்றிய ஒரு ரகசியத்தைக் காதோடு சொல்லும். முதல் கேமில் அது கேட்டுக்கொள்வதற்கு மட்டும். இரண்டாவதில் அந்த ரகசியத்துக்குக் கணக்கும் உண்டு: இரக்கத்துக்குரியவனைக் கொன்றால் ஊர் அதிகம் கெடும், கொலைகாரனைக் கொன்றால் குறைவாக. கொல்லும் முன் அவன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள்.

மிஷன்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் விடிந்துவிடும். முதலாவதில் எல்லோரும் கொண்டாடுவது பாய்ல் என்ற சீமாட்டியின் விருந்து. முகமூடி விருந்து அது. போலீஸ் தேடும் உங்கள் முகமூடியையே வேஷம் என்று நினைத்து வரவேற்பார்கள். ஒரே மாதிரி உடை போட்ட மூன்று சகோதரிகளில் நீங்கள் தேடி வந்தவள் எவள் என்று கண்டுபிடிக்க வேண்டும், ஒவ்வொரு ஆட்டத்திலும் அது மாறும். வருகைப் பதிவேட்டில் சொந்தப் பெயரையே கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். இருந்தாலும் அந்தப் பெண்ணைக் கொல்லாமல் விடுவதற்குக் கேம் தரும் வழி, அவளை மயக்கி, அவள்மேல் பைத்தியமாக இருக்கும் ஒருவனிடம் ஒப்படைப்பது. அதைக் கருணை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஒரு இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் மனம் நொந்துதான் படகுக்குத் திரும்புகிறேன்.

இரண்டாவதில் அப்படி நினைவில் நிற்பவை இரண்டு. ஜிந்தோஷ் என்ற விஞ்ஞானியின் இயந்திர மாளிகையில் நெம்புகோலை இழுத்தால் சுவர் மடியும், தரை எழும், வரவேற்பறை படுக்கையறையாகும். அந்த அசையும் சுவர்களுக்குப் பின்னால், சக்கரங்களுக்கு நடுவே நுழைந்து, அவனுக்குத் தெரியாமலே அவன் பின்னால் போய் நிற்கலாம். இன்னொன்று ஸ்டில்டன் மாளிகை. அங்கே உங்கள் சக்திகள் எதுவும் பலிக்காது. கையில் ஒரு கடிகாரம் மட்டும். அழுத்தினால் மூன்று வருஷம் பின்னால் போகலாம், மீண்டும் அழுத்தினால் இன்றைக்கு வரலாம். கடிகாரத்தின் கண்ணாடித் தகடுகள் விசிறிபோல விரியும்; அதன் வழியே பார்த்தால் மறு காலம் தெரியும். இன்று கூரை இடிந்து ஈ மொய்க்கும் கூடம், கண்ணாடியில் விளக்கெரியும் கூடமாக, காவலாள் நடமாடும் கூடமாகத் தெரிகிறது. அவன் திரும்பும்வரை இந்தக் காலத்தில் காத்திருந்து, யாருமில்லாத இடிபாட்டில் நாலு எட்டு நடந்து, அவன் முதுகுக்குப் பின்னால் அந்தக் காலத்தில் வந்து நிற்பது... பதுங்கி ஆடும் கேம்களில் இதற்கு இணையாக நான் ஆடியதில்லை. பழைய காலத்தில் செய்கிற ஒரு காரியம் இன்றைய மாளிகையை, மனிதர்களை மாற்றிவிடும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், மிச்சத்தை நீங்களே கண்டுகொள்ள வேண்டும்.

தூசிப் பகுதியில் ஜிந்தோஷின் பூட்டு என்று ஒரு கதவு இருக்கிறது. ஐந்து சீமாட்டிகள், ஐந்து நிற உடை, ஐந்து ஊர், ஐந்து பானம் என்று நீளும் ஒரு விடுகதைதான் சாவி. விடை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் யாரையும் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு முக்கால் மணி நேரத்தில் அவிழ்த்தேன். அவிழ்த்தால் அந்த மிஷனின் முழு வேலையையும் தாண்டி நேரே அடுத்ததற்குப் போய்விடலாம். நான் போகவில்லை, அங்கேயே இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, இயந்திரம். இதைச் சொல்லாமல் எதையும் வாங்கச் சொல்லக் கூடாது. முதலாவது பழைய கேம். 3 ஜிபி ராம், 512 எம்பி கிராஃபிக்ஸ் நினைவகம், 9 ஜிபி இடம் இருந்தால் ஓடும் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவதுக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 660 அளவுக்கு ஒரு தனி கிராஃபிக்ஸ் கார்டு, 60 ஜிபி இடம். பரிந்துரைப்பது 16 ஜிபி ராமும் ஜிடிஎக்ஸ் 1060-ம். வெளியான புதிதில் நல்ல பிசியிலேயே பிரேம் ரேட், அதாவது படம் ஓடும் வேகம், திணறியது. பேட்ச் எனும் திருத்தங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து சரியானது. மருமகனின் லேப்டாப்பில் ராம் 8 ஜிபிதான், தனி கார்டு கிடையாது. தீபாவளிக்கு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி ஒரு டெஸ்க்டாப் சேர்க்கலாம் என்று அக்காவிடம் பேசி வைத்திருக்கிறான்.

ஆகவே நான் சொன்னது இது. வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் ஆடப்போகிறாய், உன் இயந்திரமும் தாங்கும் என்றால் இரண்டாவதை வாங்கு, எமிலியாக ஆடு. கொல்லாமல் பதுங்கிப் போகிறவனை அது முழுமையாக மதிக்கிறது. ஆனால் இரண்டையும் என்றாவது ஆடத்தான் போகிறாய் என்றால் முதலாவதுதான் முதலில், அதுவும் 2013-ல் வந்த இரண்டு கூடுதல் கதைகளோடு சேர்த்து. நைஃப் ஆஃப் டன்வால், பிரிக்மோர் விட்சஸ் என்ற அந்த இரண்டிலும் ராணியைக் கொன்ற டௌடாகவே நீ ஆடுவாய். இரண்டாம் கேமின் டெலைலா அங்கேதான் அறிமுகம். அதைத் தெரியாமல் போனால் அரியணையில் வந்து உட்காருகிறவள் யாரோ ஒருத்தியாகத்தான் தெரிவாள். இன்னொரு காரணமும் உண்டு: எமிலியின் கையோடு பழகிவிட்டுப் பின்னால் வந்தால் கோர்வோவின் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். நான் ஒரு தடவை அப்படித் திரும்பிப் போய், மூன்றாவது மிஷனில் நிறுத்திவிட்டேன்.

"அப்போ தீபாவளிக்கு அடுத்தது" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து போனில் வாங்கினான். லேப்டாப்பைத் திறந்து இறக்கி முடிக்கும்போது மணி ஏழு. சிறையிலிருந்து தப்பி, சாக்கடை வழியே வந்து, இதயத்தை வாங்கிக்கொண்டு, சாமுவேலின் படகில் ஏறி இரண்டாவது மிஷனில் இறங்கும்போது அக்கா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

ஒரு சந்தில் காவலாள் ஒருவன் தனியாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கோர்வோவின் வலது கையில் கத்தி தயாராக இருந்தது. மருமகன் இடது கையில் இதயத்தை எடுத்து அவன் பக்கம் நீட்டினான். அது ஏதோ முணுமுணுத்தது. இவன் சப்டைட்டிலைப் படித்தான். மவுஸ் மேல் இருந்த விரல் அப்படியே நின்றது.

"மாமா, இவனைத் தாண்டிப் போக வேற வழி இருக்கா?"

மேலே தெரிந்த குழாயைக் காட்டினேன்.